பருத்தி எடுக்கிற மாதிரிதான் என்றார்

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். வருஷம், தோட்டத்தின் பேர் எல்லாம் மறந்து போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் கரிசல் காட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. அப்பா இறந்துபோய், அம்மாவும் நானும்தான் வீட்டில். மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துப் போகும் கங்காணி எங்கள் ஊர்க்காரர். அம்மாவுக்குப் பெரியப்பா முறை. வாசலில் நின்று சொன்னார்.

“வேலை ஒண்ணும் புதுசில்ல ஆத்தா. பருத்தி எடுக்கிற மாதிரிதான். பிள்ளைக்குப் பள்ளிக்கொடமும் அங்கன இருக்கு.”

பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்குத்தான் அம்மா கிளம்பினாள். அவள் கைநாட்டு. நான் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றே அவள் ஆசை. அருப்புக்கோட்டையில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து, விருதுநகரில் ரயில் ஏறி, கடைசியில் லாரியில் மலைக்குப் போனோம். வழியெல்லாம் சிலேட்டு என் மடியில்தான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே வேலை. பள்ளிக்கூடத்தை யாரும் காட்டாததால் நானும் அம்மா பின்னாலேயே போனேன். அம்மாவுக்கு ஒரு பெண்ணும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் வெடித்த பருத்தியைத்தான் எடுப்போம். பிஞ்சைத் தொட்டால் அடுத்த எடுப்புக்குக் காய் இருக்காது. அம்மா அதே நியாயத்தில் மேலே இருந்த கொழுந்தை எல்லாம் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, கீழே முற்றிய இலையாகப் பார்த்து உருவினாள். எல்லோருக்கும் முன்னால் அவள் கூடைதான் நிறைந்தது. எத்தனை பெருமையாக அதைச் சுமந்து வந்தாள்!

கங்காணி கூடையை எட்டிப் பார்த்தார்.

“ஏலே, இங்க வந்து பாருங்கலே! மகராசி மாட்டுக்குத் தழை கொண்டாந்திருக்காக!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேயிலைக்கு வேண்டியது நுனிக் கொழுந்துதான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கூடையைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். 

“நீங்கதான பெரியப்பா சொன்னீக, பருத்தி எடுக்கிற மாதிரின்னு?”

“எதுத்தா பேசுற? இனி நீ களை வெட்டத்தான் லாயக்கு.” பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “இந்தா, இதுதான் கொழுந்து கிள்ளுற வெரலு. நாளையில இருந்து குட்டி வரட்டும்.”

“அவ பள்ளிக்கொடம் போகணும் பெரியப்பா.”

“போவா, போவா. மொதல்ல வெரலு பழகட்டும்.” பேர் எழுதுகிறவரிடம் திரும்பினார். “பன்னெண்டு வயசுன்னு போட்டுக்கங்க.”

எனக்கு அப்போது பத்துகூட ஆகவில்லை. மறுத்துவிட்டு ஊருக்குத் திரும்பவும் முடியாது. அவர் சொல்லாமல் லாரி எங்களை இறக்கிவிடாது. கால்நடையாக இறங்க வழியும் தெரியாது. அன்றைக்கு அவர் கொட்டிய இலையை அம்மாவையே பொறுக்க வைத்தார்கள். சிலேட்டு கொஞ்ச நாளில் தண்ணீர்ப் பானைக்கு மூடியானது.

அவர் தெரியாமல் சொன்னார் என்று நான் நம்பவில்லை. அவரும் பருத்திக் காட்டில் பிறந்தவர்தானே? முற்றியதை எடுப்பது எது, பிஞ்சைக் கிள்ளுவது எது என்று அவருக்கா தெரியாது?

மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பினோம். அந்தப் பொங்கலுக்குக் கோயிலில் அவருக்குத்தான் முதல் மாலை. மாலையோடு வந்து என் தலையில் கை வைத்து, “என்ன குட்டி, படிக்கிறியா?” என்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். ஊரே கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அவர் மேல் உள்ள கோபம் பாதி, அப்படி ஆட்டிய என் தலை மேல் உள்ளது பாதி.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்து மலைத் தோட்டங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். அங்கே பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததா, இல்லவே இல்லையா? இருந்தது என்றால், கிழவி வருத்தப்படுவாள் என்று மறைக்க வேண்டாம்.