‘ஆம்’ என்ற கட்டம்

என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே ஒரு குடும்பம் நடத்தும் லாண்டரி. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் திரைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அப்பா நீராவிப் பெட்டியில் தேய்ப்பார். அம்மா துணிகளுக்கு எண் போட்டுச் சீட்டு எழுதுவாள். மகள் காலேஜ் கிளம்புமுன் இரண்டு மணி நேரம் மடிப்பு வேலை பார்ப்பாள். தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஒல்லியாக இருக்கிறாளே, அதனால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பதினொரு வயதிலிருந்து தினமும் நான்கு வேளை அவள் தனக்குத்தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறாள் என்பது அந்த வீட்டுக்கும் அவளுடைய அத்தைக்கும் மட்டுமே தெரியும். வீட்டில் என்றால் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. காலேஜில் என்றால் கழிப்பறையில், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு. காலியான மருந்துக் குப்பிகளைச் சோப்புத்தூள் டப்பாவில் போட்டு, இரண்டு தெரு தள்ளி எறிந்துவிட்டு வருவாள் அம்மா. நாளைக்கு ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்பதுதான் காரணம். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

தாவரவியல் கடைசி வருஷம் படிக்கும்போது அவளுக்கு வெளிநாட்டில் ஒரு தீவில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. படகில் போய்க் கடலோரச் சேற்றில் அலையாத்திக் கன்றுகள் நட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று கணக்கெடுக்கும் வேலை. அவள் காலேஜிலிருந்து தேர்வானது அவள் ஒருத்திதான். அந்தத் தீவின் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த படிவத்தை என் கடையில்தான் அச்செடுத்தாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி: தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய் ஏதும் உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

என் மேசையிலேயே குனிந்து ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டாள். கீழே நான்கு வரி எழுதினாள். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

“படிச்சிட்டீங்கல்ல அக்கா? யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கேக்க மாட்டேன். பத்து வருஷமா அதைக் கேட்டுக் கேட்டே சலிச்சுப் போச்சு.”

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா வந்தாள். முந்தின நாள் அச்செடுத்ததில் மூன்றாவது பக்கம் மட்டும் புதிதாக ஒன்று வேண்டும் என்றாள். எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தும் எடுத்துக்கொடுத்தேன். ஒரு தாயின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் தப்புதான்.

அன்று சாயந்திரம் ஊசி எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ண எடுத்துவந்தாள். மூன்றாவது பக்கம் என் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. ‘இல்லை’ கட்டத்தில் டிக். கீழே ஒன்றும் இல்லை. துணிச்சீட்டு எழுதிப் பழகிய அம்மாவின் டிக்கை மகளுக்குத் தெரியாதா? என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

“உங்க மேல கோவம் இருக்கு அக்கா. நான் ஊருக்குப் போறதுக்குள்ள அது போயிரும்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எதிரே போனாள். எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே போனேன்.

லாண்டரியில் அத்தையும் இருந்தாள். மருமகளுக்கு ஒரு இடம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பேச வரச்சொல்லி நாள் குறித்துவிட்டு வந்திருந்தாள்.

“இதை யார் மாத்தினா?” என்று ஊசி தாளை மடிப்பு மேசையில் வைத்தாள்.

“உன் நல்லதுக்குத்தான்டி” என்றாள் அம்மா. “இல்லைன்னு போட்டா என்ன குடி முழுகிப் போச்சு? மருந்தை ஒளிச்சு எடுத்துட்டுப் போய்க்கோ. இத்தனை நாள் செய்யலையா?”

“அங்க நான் சேத்துல மயங்கி விழுந்தா பக்கத்துல நிக்கிறவருக்கு என்ன தெரியும்? வெயில்ல சுருண்டுட்டான்னு நிழல்ல படுக்கவெச்சு விசிறுவார். ஒரு வாய் சர்க்கரைத் தண்ணியில பொழைக்க வேண்டியவ, நீ போட்ட டிக்கால செத்துப் போகணுமா?”

அத்தைதான் பேசினாள். “வாயை அடக்கிப் பேசு. இந்தக் காகிதம் நாலு பேர் கைக்குப் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை வர்றவங்க வாசப்படி மிதிப்பாங்களா?”

“மிதிக்க வேணாம் அத்தை. அவங்க நம்பர் குடுங்க, நானே சொல்லிடறேன்.”

அத்தை கொடுக்கவில்லை. மேசையில் இருந்த அத்தையின் கைபேசியை அவளே எடுத்து, மாப்பிள்ளை வீடு என்று அத்தை சேமித்திருந்த எண்ணைக் கூப்பிட்டு, தான் யார், என்ன நோய், எத்தனை வேளை ஊசி என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்று வரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

நீராவிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அப்பா வந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். “இல்லைன்னு போட்டதைக் கிழிச்சுடு. அவ எழுதினது எங்க இருக்கு?” என்று மனைவியிடம் கேட்டார். அம்மா அதைக் கிழிக்காமல் சீட்டுக்கட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். எடுத்துக்கொடுத்தாள். அத்தை கோபித்துக்கொண்டு கிளம்பியவள், இரண்டு மாதம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அதோடு முடியவில்லை. ‘ஆம்’ போட்டவர்கள் டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பத்து வருஷமாக அவளைப் பார்க்கும் டாக்டரம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஊசி விடவில்லை. “முடியாதுங்கறதை காரணத்தோட எழுதிக் குடுங்க டாக்டர். ஒவ்வொண்ணுக்கும் பதில் கொண்டு வர்றேன்” என்றாளாம். டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. மருந்துச்சீட்டிலேயே மூன்று காரணங்களை எழுதிக்கொடுத்தார். சூட்டில் மருந்து கெட்டுப்போகும். படகில் சர்க்கரை இறங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மருந்து தொலைந்தால் வேறு கிடைக்காது.

அந்தச் சீட்டை லாண்டரிச் சுவரில், பில் புத்தகத்துக்கு மேலே ஒட்டினாள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் படித்தார்கள். சிலர் கேட்டார்கள், சொன்னாள். அம்மா அந்த நாட்களில் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

சூட்டுக்கு வழி தேடி முதலில் மண்பானையில் ஆரம்பித்தாள். பானைக்குள் பானை, நடுவில் ஈரமணல், உள்ளே தண்ணீர் நிரப்பிய பழைய குப்பி, ஒரு வெப்பமானி. மொட்டை மாடி வெயிலில் ஒன்பது டிகிரி இறங்கியது. ஆட்டம் போட்டாள். “தீவுக்காத்து ஈரக்காத்தாச்சே, அதுல தண்ணி எங்க காயப்போகுது?” என்று அப்பாதான் கேட்டார். துணி உலராத நாட்களோடு மல்லுக்கட்டியவர் அல்லவா? பானையைத் தூக்கிக்கொண்டுபோய் நீராவி அறையில் வைத்தாள். இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை. பானையை அவள் திட்டிய திட்டு என் கடை வரைக்கும் கேட்டது.

அடுத்து அகலவாய் பிளாஸ்க். குளிர்ந்த தண்ணீர்ப் பைகள், நடுவில் துணி சுற்றிய குப்பி. பனிக்கட்டி மருந்தில் பட்டால் உறைந்து கெட்டுவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டாள். நீராவி அறையில் இரண்டு நாள் வைத்தாள். அவள் காலேஜ் போன நேரத்தில் அப்பா வெப்பமானியைப் பார்த்து, சாக்பீஸால் கதவில் எழுதிவைத்தார். இரண்டாம் நாள் முடிவிலும் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டவில்லை; அந்தச் சூட்டில் மருந்து கெடாது.

கதவைப் போட்டோ எடுத்து, மற்ற கேள்விகளையும் சேர்த்து நிலையத்துக்கு எழுதினாள். நாலாவது நாள் பதில் வந்தது. விதை மாதிரிகள் வைக்கும் குளிர்ப்பெட்டி சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது, அதில் இடம் தருகிறோம். கன்று நடப் படகில் போனால் நிலையத்துக்குத் திரும்ப அதிகபட்சம் இரண்டு நாள். உங்களோடு வரப்போகும் படகோட்டிக்கு அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்கிறோம், அவர் ஏற்கெனவே என்னென்னவோ கேட்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். அதையும் நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தார். மருந்தை இரண்டு பங்காக்கி இரண்டு பையில் வைக்கச் சொன்னார். பிறகு ‘நிபந்தனைகளோடு தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அந்த நிபந்தனைகளோடுங்கற வார்த்தை வேணுமா டாக்டர்?”

“வேணும். ஓடிப் போயிடு.”

இரண்டு பைகளையும் தைத்தது அம்மா. கனமான ஓட்டல் திரைத்துணியில், உள்ளே பஞ்சு வைத்து. விமான நிலையத்தில் காவலர் பையைத் திறக்கச் சொன்னபோது, பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க ஊசிகளையும் குப்பிகளையும் மேசையில் பரப்பிவைத்ததாக, உள்ளே போனதும் ஊசி எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். என் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டேன். “பாதி” என்றாள்.

தீவில் ஐந்தாவது வாரம் முழங்கால் சேற்றில் நட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பேச்சு குழறியிருக்கிறது. ஒரே கன்றைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டிருக்கிறாள். படகோட்டி பார்த்ததுமே அவளைப் படகு விளிம்பில் உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்திருக்கிறார். கால் மணி நேரம் எழுந்திருக்க விடவில்லையாம். தெளிந்ததும் மீதிக் கன்றுகளை நட்டு முடித்துவிட்டுத்தான் கரைக்குத் திரும்பியிருக்கிறாள். யாரும் சொல்லுமுன் அவளே வீட்டுக்குக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

ஆறு மாதம் முடியும்போது நிலையத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொன்னார்கள். அதைச் சொல்ல ஊசி கூப்பிட்ட நேரம் நான் லாண்டரியில்தான் இருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் கூப்பிட்டிருப்பாள், ஸ்பீக்கரில் கேட்ட குரலே அப்படி இருந்தது.

“ஒரு வருஷத்துக்கு மருந்து அங்க கிடைக்குமா?” என்று கேட்டாள் அம்மா.

“வாரத்துக்கு ரெண்டு படகு வருதும்மா. ஒண்ணுல கொண்டாந்துடுவாங்க.”

அம்மா கையிலிருந்த சீட்டை எழுதி முடித்தாள். “அப்போ இரு” என்றாள்.