ரெண்டு காலன் பிடிக்கும் டின்

பழைய பெட்ரோல் டின் விற்கிற கடையில் தெருவில் லாரி போனால் டின் நடுங்கும், வாங்க ஆள் வந்தால் விற்கிற நான் அதைவிட நடுங்குவேன். கூச்சத்தோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

ஹைதராபாத் மாரெட்பள்ளியில் பழைய கார் சாமான் கடை அது. பெட்ரோல் பங்க் இல்லாத காலத்தில் காரின் ஃபுட்போர்டில் கட்டிக்கொண்டு போன டின்களும் அங்கே உண்டு. "ஒரு மாசம் பார்ப்பேன். வந்தவங்ககிட்ட வாய் திறந்து பேசலைன்னா வேற ஆள்தான்" என்றார் முதலாளியம்மா. ரெண்டு வயசு மகளைக் கூடவே வைத்துக்கொள்ள விட்ட ஒரே இடம் அது. விட முடியுமா?

புளி

முதல் நாள், ஒரு டின்னின் பித்தளை மூடி கறுத்துக் கிடந்தது. பேசத்தான் வராது, தேய்க்க வருமே! புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த முதலாளியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நக்கோம்மா, நக்கோ! தேய்க்க வேண்டாம்! நூறு வருஷத்து அழுக்கு அது, அதுக்குத்தான் விலையே!"

காலன்

டின் எவ்வளவு பிடிக்கும் என்பதை முதலாளியம்மா சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் படித்தது அஞ்சாவது. 'கேலன்' என்பதில் இருந்த கொம்பு எனக்குக் கால் மாதிரி தெரிந்தது. ஒரு தமிழ்த் தம்பதி வந்து கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு காலன் பிடிக்கும் சார்" என்றேன்.

கணவர் மனைவியைப் பார்த்தார். "ஒரு காலன் வந்தாலே தாங்க மாட்டோம், ரெண்டா? வா, நடந்தே போயிடலாம்."

மருந்துக் கடை

அந்தக் காலத்தில் சில ஊர்களில் பெட்ரோலை மருந்துக் கடையில்தான் விற்றார்களாம். ஜீடிமெட்லா பக்கம் மாத்திரை கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் கடைக்கு வந்ததும் இதை மெதுவாகச் சொன்னேன். டின்னைத் திறந்து மோந்து பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயாம்மா?"

கடைசி நாள்

மாசம் முடிகிற அன்று, பழைய காரைச் சரிபண்ணிக்கொண்டிருந்த ஒருவர் டின் கேட்டு வந்தார். முதலாளியம்மா பக்கத்திலேயே நின்றார். ஆள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வேண்டியது மறந்துவிடும். அதனால் டின்னைப் பார்த்துக்கொண்டே, "நீ ஃபுட்போர்டுல உக்காந்து போனியே, வழியில பெட்ரோல் தீர்ந்தா உன்னைத்தானே கவிழ்ப்பாங்க, ரெண்டு கேலன் பிடிப்பியே" என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்து டின்னிடமே கேட்டார். "ஏம்ப்பா, எங்கூட வர்றியா? சரிங்குதும்மா, கட்டிக் குடுங்க."

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் என் மகள் தூக்கம் கலைந்து எழுந்தாள். "நாளைக்கும் வாம்மா, ஆனா புளி மட்டும் கொண்டு வராதே" என்றார் முதலாளியம்மா.

வேலை நிலைத்துவிட்டது, நான் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேட்பது இந்த உலகத்தில் தகரம் மட்டும்தான் என்பதும் தெரிந்துவிட்டது.