டோபி வீட்டு வாசலில் அண்ணனின் சங்கீதம்

இந்த நினைவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு இலை போடும்வரை ஓர் ஓரமாக உட்கார்ந்து புரட்டும் உறவுகளுக்கும் கூட்டாளிமாருக்கும் தம்பியின் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுகிறார். நடுவில் சிரிப்புக்காக நான் பகிடி விட்டால் பேனாவை மூடிவிடுகிறார். ஆகையால் அடக்கமாகச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது நோர்வூட்டுக்கு மேலே, இதே தேயிலைத் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில். அதே காம்பராவில்தான் நானும் பிறந்தேன். மூளை முழுவதையும் அவர் முன்னாலேயே கொண்டுபோய்விட்டதால், மிச்சமிருந்த வாயை எனக்குக் கொடுத்தார்கள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். நாம் இலங்கைப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்த காலத்தில், அண்ணன் படிப்பை விட்டுவிட்டு பெக்டரி இஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலைக்குப் போனார். அவருடைய சம்பளத்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இரண்டாம் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைத் தாண்டவே மனம் வரவில்லை.

அண்ணன் ஹட்டனில் ஒரு ரேடியோ கடையில் கூடமாட நின்று அந்த வேலையையும் பழகிக்கொண்டார். செத்துப்போன ரேடியோக்களின் வால்வுகளையும் கம்பிச் சுருள்களையும் வீணாக்கமாட்டார். அவற்றைச் சேர்த்து ஒரு பெட்டி செய்தார். அதில் தந்தி இல்லை, துருத்தி இல்லை, தோலும் இல்லை. குமிழைத் திருகினால் சத்தம் எழும்பும், இறங்கும், அழும். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷின் நின்ற பிறகு இஞ்சின் அறையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அண்ணே, இது என்னா வாத்தியம்? ஊதுறதா, அடிக்கிறதா?"

"ரெண்டும் இல்லடா. கரண்டு பாடுது."

"பாடுனா சரி. அடிச்சிருச்சுன்னா?"

"அப்ப நீ பாடுவ."

நோர்வூட்டில் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், நம் மலைநாட்டுக் கதை ஒன்றைப் படமாக எடுக்கக் கிளம்பினார். ரேடியோ திருத்தக் கொடுக்க வந்தவர் அண்ணனின் பெட்டியைக் கேட்டுவிட்டு, படத்தில் ஓர் இடத்துக்குச் சங்கீதம் செய்து தரச் சொன்னார். மூடுபனிக்குள் ஒரு பெண் தன் புருஷனைத் தேடிக்கொண்டு தேயிலை மலையில் நடக்கும் இடம் அது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதை இரவல் வாங்கி, பல ஞாயிறுகள் உட்கார்ந்து அண்ணன் அந்தச் சங்கீதத்தைப் பதிந்தார்.

லயத்தில் கரண்டு கிடையாது; இஞ்சின் அறைக்குள் பெண்கள் வரக்கூடாது. தனக்கும் போட்டுக் காட்டச் சொல்லி அண்ணி கேட்டால், "படத்துல கேளு" என்பார்.

படம் ஹட்டனுக்கு வந்தது. மூவரும் போனோம். சங்கீதம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணி மெல்லக் குனிந்து கேட்பார்.

"இதாங்க?"

"இல்ல."

"இதா?"

"இன்னும் வரல. இரு."

மூடுபனி வந்தது. அந்தப் பெண்ணும் நடந்தாள். பின்னால் வயலின் அழுதது. அண்ணனின் பெட்டி இல்லை. படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான், "அவ்ளோதான், வா" என்றார்.

பிறகு முதலாளி டேப் சுருளைத் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. சனங்க பயந்துருவாங்க. பெக்டரி மிஷின் கெட்டுப்போன மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் கோபிக்கவில்லை. முதலாளிக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். டேப்பை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். அண்ணி கேட்டபோதெல்லாம், "ஒரு நாள் போட்டுக் காட்டுறேன்" என்றார். அந்த ஒரு நாள் வரவில்லை.

அண்ணன் எத்தனை லயத்து ரேடியோக்களைக் காசு வாங்காமல் பேச வைத்தார் என்பது உங்களுக்கே தெரியும். போன வருஷம் அடைமழையில் நெஞ்சுச் சளி கண்டது. கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே லொறியில் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்திருந்தோம்.

கருமாதியன்று, நம் வழக்கப்படி அண்ணனின் பாய், தலையணை, உடுப்பு எல்லாவற்றையும் துணி வெளுக்கும் டோபி சன்னாசிக்குக் கொடுத்தோம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க அண்ணிக்கு மனம் வரவில்லை. பூட்டோடு அப்படியே போய்விட்டது. சில மாதம் கழித்துத்தான் அண்ணி கேட்டார்.

"தம்பி, அந்த டேப்பு எங்க?"

அப்போதுதான் ட்ரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. சன்னாசியின் வீடு பெக்டரிக்குக் கீழே ஆற்றோரம். ஓடினேன். டேப் பத்திரமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரி துணி உருப்படி கட்ட நல்ல நாடான்னு கேட்டா, தம்பி. நாந்தான் விடல. என்னா ஏதுன்னு தெரியாம ஒரு மனுசன் சுத்தி வச்சத எப்புடி அவுக்கிறது? இந்தாங்க, எடுத்துக்கிட்டுப் போங்க."

கையை நீட்டினேன். பின்னாலேயே வந்து சேர்ந்த பெரியப்பா என் கையில் ஓர் அடி போட்டார்.

"கருமாதில குடுத்தத திருப்பி வாங்குவாங்களாடா? அது செத்தவன திருப்பிக் கூப்புடுற மாதிரி."

"நானும் அதத்தானே பெரியப்பா கேக்குறேன்" என்றேன்.

பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சன்னாசிதான் வழி சொன்னார். "வாங்கத்தானே கூடாது? கேக்கலாம்ல? சாமான் என் வீட்டுலயே இருக்கட்டும். டேப்பு போடுற பெட்டிய இங்க கொண்டாங்க. உங்க அண்ணி, அந்தப் புள்ளயும் இங்க வரட்டும்."

ஆனால் வருஷம் திரும்பும்வரை அண்ணி இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. கொழுந்து பறிக்கப் போகலாம். வயிறு சடங்கு பார்க்காது. ஆகவே காத்திருந்தோம். ஒவ்வொரு மாதமும் அண்ணி, "டேப்பு பூசணம் பூத்துப் போகாதா தம்பி?" என்று கேட்பார். நான், "அது என் மூளை மாதிரி, யாரும் தொடாம புதுசாவே இருக்கும்" என்பேன்.

போன வாரம் பெக்டரியிலிருந்து சன்னாசி வீட்டுக்குக் கரண்டுக் கம்பி இழுத்தோம். கிளாக்கர் ஐயா ரெக்கார்டரைக் கொண்டுவந்து டேப்பை மாட்டினார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அடியிலிருந்து ஒன்று எழும்பி வந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. விடியற்காலையில் பள்ளத்திலிருந்து பனி மேலே ஏறும்போது அதற்கு வாய் இருந்தால் அப்படித்தான் கூப்பிடும் என்று மட்டும் தெரிந்தது. கேட்க ஆசையிருந்தும் நானே நிறுத்தச் சொன்னேன். முதலில் முழுதாகக் கேட்க வேண்டியவர் அண்ணி.

கம்பி இழுக்க அனுமதி தந்த தோட்டத்துப் பெரிய துரைக்கும், கிளாக்கர் ஐயாவுக்கும், அன்று மழையில் லொறி ஓட்டியவருக்கும், ஒரு வருஷமாக அண்ணியைத் தனியாக விடாத லயத்துப் பெண்களுக்கும், இதையெல்லாம் பொறுமையாக எழுதிய வாத்தியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று சாப்பிட்டு முடித்ததும் யாரும் போய்விடாதீர்கள். எல்லோரும் சன்னாசி வீட்டுக்கு வாருங்கள். படத்தில் வராத சங்கீதம் அங்கே வெளியாகிறது. டிக்கட் கிடையாது.

கடைசியாக அங்கே போனபோது சன்னாசி வெளுத்த வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இம்புட்டு வேட்டி?"

"உங்க வாசல்லருந்து என் வாசல் வரைக்கும் விரிக்கணும்ல. அந்தப் புள்ள சேத்துலயா நடந்து வரும்?"

"கல்யாணத்துக்கு விரிப்பீங்க, சாவுக்கு விரிப்பீங்க. இது எதுல சேத்தி?"

சன்னாசி ஒரு வேட்டியை உதறி, மடிப்பை நேர்ப்படுத்தினார்.

"எனக்கும் தெரியல தம்பி. நம்ம வெள்ளையா விரிச்சு வைப்போம். அந்தப் புள்ள நடந்து வந்து, கேட்டுட்டுச் சொல்லட்டும்."