பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கிடைத்த கதை

அண்மையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சை நடந்தது. பிள்ளைகளுக்கு அல்ல... பள்ளிக்கூடத்துக்கு!

மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்தில், ஓர் அரசாங்கப் பள்ளியின் வகுப்பறைகளைச் சனிக்கிழமை காலைகளில் கேட்டு வாங்கி நாங்கள் தமிழ் வகுப்பு நடத்துவது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதன் செயலாளர் நான். ரோவில் புறநகரில் தனியாக இருக்கிற ஒருத்திக்கு, மகன் பேர்த் நகரிலும் கணவர் சுவரில் படமாகவும் இருக்கும்போது, சனிக்கிழமை வேறு என்ன வேலை? வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இப்படியான பள்ளிகளுக்குக் கல்வித் திணைக்களம் கொடுக்கும் அங்கீகாரம் நிரந்தரமானது அல்ல. சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால்? அரசாங்க உதவி நின்றுவிடும். வகுப்பறைகளும் கைவிட்டுப் போகும். பிள்ளைகளை எங்கே இருத்துவது — என் கராஜிலா?

அதிபர் சாந்திக்குப் பரீட்சைக்கு முந்திய வாரம் முழுக்க நித்திரையில்லை. வேலை நாட்களில் அவர் ஒரு கணக்காளர். மனுஷி எதற்கும் பதறமாட்டார். ஆனால் அந்த வாரம் எனக்குப் போன் மேல் போன். “அன்ரி, முறைப்பாட்டுக் கொள்கையை நோட்டீஸ் போர்டிலை ஒட்டினனாங்களோ?” “அன்ரி, முதலுதவிப் பெட்டிக்குள்ளை பிளாஸ்டர் இருக்கோ?” பிளாஸ்டர் இல்லை. வாங்கி வைத்தேன்.

எங்களை மதிப்பிட வந்தவரின் பெயர் ஹெலன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளைத் தலை, காலில் சப்பாத்து, முதுகில் ஒரு பை. சின்னக் காரில் வந்து இறங்கியவரிடம் நான் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன் — தமிழே தெரியாமல் ஒரு தமிழ்ப் பள்ளியை எப்படி மதிப்பிடுவீர்கள்?

அவர் கோபிக்கவில்லை. “மொழி தெரியாதபோது முகங்கள் நன்றாகத் தெரியும்,” என்றார். “நான் பின்வரிசையில் இருந்து பிள்ளைகளைத்தான் பார்ப்பேன்.”

அந்த நேரம் பார்த்து யோகன் தேத்தண்ணியோடு வந்தார்.

யோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். முல்லைத்தீவுப் பக்கம். அகதியாகப் படகில் வந்தவர். டண்டினொங்கில் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மனைவியும் மகளும் ஊரில். அவர் படகேறியபோது மகள் பாலர் வகுப்பு, இப்போது பல்கலைக்கழகம். எங்கள் பள்ளியில் அவருக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் மேசை தூக்க ஆள் தேவைப்பட்டது, அவரோடு ஒரே வீட்டில் இருந்த பெற்றோர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த சனி அவராகவே வந்தார். பிறகு ஒவ்வொரு சனியும் வந்தார். கதிரை போடுவார், தேத்தண்ணி ஊற்றுவார், காத்திருக்கும் அப்பாக்களோடு கிரிக்கெட் சண்டை பிடிப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஹெலன் ஒரு வாய் குடித்தார். யோகனின் தேத்தண்ணியில் இஞ்சி தாராளம். இருமினார், கண்ணைத் துடைத்தார்... இன்னொரு கப் கேட்டார். சாந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். பாஸ் என்றே நினைத்துவிட்டோம்.

மதிப்பீடு என்றால் பிள்ளைகளின் தமிழைச் சோதிப்பார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இல்லை. ஹெலன் கேட்டதெல்லாம் வேறு. ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்? வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போன் எடுக்கிறீர்கள்? ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? ஒரு பெற்றோருக்கு உங்கள் மேல் கோபம் வந்தால் எங்கே போய்ச் சொல்லலாம்? சாந்தி ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு ஹெலன் மூன்றாம் வகுப்பில் போய் அமர்ந்தார். நானும் ஓரமாக இருந்தேன்.

இடைவேளைக்கு முன் அபி என்ற சின்னப் பெண்ணிடம் குனிந்து கேட்டார். “இங்கே நீ பிழை விட்டால் என்ன நடக்கும்?”

அபி யோசித்தாள். “டீச்சர் லாஃப்ஸ். தென் ஐ லாஃப். தென் ஐ டூ இட் அகெய்ன்.”

ஹெலனின் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டார். “உனக்கு இங்கே ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் போவாய்?”

“யோகன் அங்கிள்,” என்றாள் அபி. கொஞ்சமும் தயங்கவில்லை. “ஹி இஸ் ஆல்வேஸ் ஹியர்.”

எப்போதும் இங்கே இருக்கிறார்! ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் உண்டா? எனக்குள் ஒரு பெருமை எழுந்து... ஹெலன் திரும்பி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் மெதுவாகத்தான் கேட்டார். “யோகன் ஆசிரியரா?”

இல்லை.

“பெற்றோரா?”

இல்லை.

“பிள்ளைகளோடு பழகுவதற்கான அனுமதிக் கார்ட் வைத்திருக்கிறாரா?”

பின்னணியைச் சோதித்து அரசாங்கம் கொடுக்கும் அந்தக் கார்ட் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. கதை சொல்ல வரும் பெற்றோரிடமும் இருக்கிறது. யோகனிடம் இருக்கிறதா என்று நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை. யோகன்தானே!

“அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை,” என்றார் ஹெலன். “நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் நான் இங்கே வந்ததில் அர்த்தமில்லை. கார்ட் கிடைக்கும்வரை, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அவர் இங்கே இருக்க முடியாது. அதை நீங்கள் உறுதி செய்தால்தான் நான் புதுப்பிக்கச் சிபாரிசு செய்யலாம்.”

அந்தக் கேள்வியில் பிழை உண்டா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிழை அகப்படவில்லை. அதுதான் கஷ்டம். பிழை இருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். நல்லவராகத் தெரிந்தவர்களால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கதைகள் உலகத்தில் குறைவா? விதி சரி. யோகனும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் நாங்கள் நின்றோம்.

சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்ரி, நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ. நீங்கள் எழுதுற ஆள். பக்குவமாச் சொல்லுவியள்.”

எழுதுகிறவர்கள் மீது ஊருக்கு இருக்கும் நம்பிக்கையை என்னவென்று சொல்ல? எழுதும்போது அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். நேரில் சொன்னதை எப்படி அழிப்பது?

அன்று பள்ளி முடிந்ததும், பஸ்ஸுக்கு நடந்த யோகனைக் காரில் ஏற்றினேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினேன். இன்னும் என்னென்னவோ பேசியிருப்பேன். அவர்தான் நிறுத்தினார்.

“அந்த மனிசி என்னைப் பற்றிக் கேட்டவ, என்ன அக்கா? நான் குசினிக்குள்ளை நிண்டனான். கேட்டது.”

“ஒரு கார்ட் எடுக்கவேணும் யோகன். பிள்ளையளோட நிக்கிற எல்லாருக்கும் வேணும். எனக்கும் இருக்கு. அது வரும்வரைக்கும்...”

“வரும்வரைக்கும் வரவேண்டாம் எண்டு சொல்லுறியள்.”

“ஓம்.”

அந்தச் சின்னச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு சிவப்பு விளக்கு முழுவதும் தேவைப்பட்டது.

“விளங்குது அக்கா. பிள்ளையளின்ர விஷயம். என்ரை மகள் சின்னனா இருக்கேக்கை அவளின்ர பள்ளிக்கூடத்திலை இப்பிடி ஒராள் வந்து கேட்டிருந்தால் எனக்கும் சந்தோசம்தானே.”

பிறகு கார்ட் எடுப்பதில் உள்ள சிக்கலைச் சொன்னார். விசாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்தான் கொடுக்கிறார்கள். படம் போட்ட அடையாள அட்டை காலாவதியாகிவிட்டது. புதியதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். அது வராமல் மற்றக் கார்ட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஊரில் இருந்து கொண்டுவந்த பத்திரங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன.

“அந்த அட்டை வந்தால்தான் நான் நான்தான் எண்டு காட்டலாம். அதுவரைக்கும் நான் ஆரெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்,” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று சொன்னார். “நல்ல மனிசி அக்கா அவ. வந்து, இருந்து, பாத்து, சின்னப் பிள்ளையிட்டையும் கேட்டு... உங்கடை பள்ளிக்கூடம் குடுத்து வைச்சது. இவ்வளவு வருசத்திலை என்னை ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. பேப்பர் மட்டும்தான் போய் வருது.”

அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். “போட்டு வாறன் அக்கா,” என்றார். அடுத்த சனி வரப்போகிறவரைப் போலவே சொன்னார்.

சில வாரங்களில் சாந்தி போனில் கத்தினார். “அன்ரி, கிடைச்சிட்டுது!” அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டது. பிள்ளைகள் பிழை விடப் பயப்படாத இடம் என்று ஹெலன் பாராட்டி எழுதியிருந்தாராம். வடையும் கேசரியும் செய்து கொண்டாடினோம். எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்தோம்.

தேத்தண்ணி? தேயிலைப் பை போட்டு அவரவர் ஊற்றிக்கொண்டோம்.

முதல் இரண்டு வாரமும் அப்பாக்கள் கேட்டார்கள், “எங்கை யோகன் அண்ணை?” பிறகு கேட்பது குறைந்தது. கதிரைகளை முதலில் வருகிறவர் போட்டார். கிரிக்கெட் சண்டை வேறு யாரோ பிடித்தார்கள். அபி தன் அம்மாவிடம் கேட்டாளாம். அம்மா ‘அங்கிள் பிஸி’ என்றாராம். அவளும் ‘ஓகே’ என்றுவிட்டு விளையாடப் போனாளாம். ஒரு மனிதர் இல்லாமல் பழகிக்கொள்ள ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு குறைந்த காலம் போதுமாக இருக்கிறது!

நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யோகனின் விசா விஷயத்தைப் பார்க்கும் வக்கீலோடு சாந்தி பேசினார். கமிட்டியாகச் சேர்ந்து ஆதரவாக எழுதிக் கொடுத்தோம். ஹெலன்கூட ஒருநாள் போனில் பேசும்போது, “அந்த இஞ்சித் தேநீர்க்காரருக்குக் கார்ட் வந்துவிட்டதா?” என்று கேட்டார். வரவில்லை என்றேன். “ஐ ஆம் சாரி,” என்றார். சொல்வதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை பள்ளி முடிந்து கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் டிவியோடுதான் பேச வேண்டும். அதைவிடக் கோயில் மேல் அல்லவா? கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனால், கடைசி மேசையில் யோகன். தனியாக. தோய்த்து, மடிப்புக் கலையாமல் அயன் பண்ணிய வெள்ளைச் சேட்.

“என்ன யோகன், விசேஷமோ?” என்று கேட்டபடி முன்னால் இருந்தேன்.

“ஒண்டும் இல்லை அக்கா. வெள்ளி பின்னேரம் சேட் அயன் பண்ணிப் பழகிப்போச்சு. பண்ணினால் போட்டுக்கொண்டு எங்கையாவது போகவேணும்தானே.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ என்றேன். ஞாயிறு வேலையாம். சனிதான் ஓய்வு. சரி, சனி பின்னேரம் வாங்கோ என்றேன். “வாறன் அக்கா,” என்றார். வருவார் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் நான் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். என் வீட்டில் பிள்ளைகள் இல்லை; எந்தக் கார்ட்டும் தேவையில்லை.

கைகழுவப் போகும்போது மகளைப் பற்றிக் கேட்டேன். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவளோடு நிறைய நேரம் பேசுகிறாராம். அவளுக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டதாம்.

“‘அப்பா, இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகேல்லையோ?’ எண்டு கேட்டவள் அக்கா. நான் என்னத்தைச் சொல்ல? லீவு விட்டிட்டினம் எண்டு சொல்லிப்போட்டன். ஒவ்வொரு சனியும் கேக்கிறாள்... ‘எப்ப அப்பா திறக்கும்?’ எண்டு.”

எங்கள் பள்ளிக்கூடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் திறந்துதான் இருக்கிறது.