டிஸ்ரிபியூட்டரில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் பழைய காரில் என் வலது காலுக்கு மட்டும்தான் வேலை. இவர் மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் குனிவார். நான் ஓட்டுகிற இடத்தில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு அக்சிலேட்டரில் கால் வைப்பேன். "குடும்" என்றால் மிதிப்பேன், "விடும்" என்றால் விடுவேன். எங்கள் கீரி ஊரில் கார் ஓட்டத் தெரியாமலே இவ்வளவு பெற்றோல் எரித்த பெண் நான் ஒருத்திதான்.

போன வருடம் பேத்திக்குக் கலியாணம். பூசை முருங்கனில், மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். அவளைத் தன் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று இவர் அவளுடைய ஞானஸ்நானத்தன்றே சொல்லிவிட்டார். காரோ, போகிற வழியில் இருக்கும் நீளக் கடல் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் இருமும், பின்னால் கறுப்புப் புகை விடும்.

"அம்மப்பா, நடுப் பாலத்தில நிண்டால் நான் உடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதோ?" என்றாள் பேத்தி. "ஞாயிறுக்குள்ள இருமல் நிக்கோணும். இல்லாட்டி வாடகைக்கு ஏசி வான் பிடிக்கிறதுதான்."

அன்று மத்தியானம் இவர் மீன்தலையைத் தொடவில்லை. அதிலிருந்துதான் விஷயம் பெரிதென்று எனக்கு விளங்கியது.

உயிலங்குளத்தில் கார் திருத்தும் பாஸிடம் போனோம். அவர் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். என் சட்டிக் குண்டியைவிடக் கறுப்பு.

"ஐயா, இது தன்ரை மூச்சில ஓடுற எஞ்சின். புதுக் காரில மாதிரி ரேர்போ வந்து காத்தை ஊதி விடாது. இழுக்கிற காத்துக்கு அளவாப் பெற்றோல் வேணும், நேரத்துக்கு நெருப்பு வேணும். உங்கடை நெருப்புப் பிந்தி வருது. அதை மறைக்கப் பெற்றோலைக் கூட்டி விட்டிருக்கிறியள்."

"என்ரை மனுசனும் அப்பிடித்தான் தம்பி," என்றேன். "எழும்பப் பிந்தும், தீனி மட்டும் கூட."

பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ரிபியூட்டரை பாஸ் மெல்லத் திருப்பினார். காபரேற்றரில் பெற்றோல் திருகையும் குறைத்தார். கார் தையல் மெசின் மாதிரி ஓடியது. வீடு வரும்வரை ஒரு இருமல் இல்லை. அடுத்த நாள் காலையில் மறுபடி இருமல்.

காரணம் எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாதபோது, படகுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில்தான் காரை ஓட்டினோம். மண்ணெண்ணெய்க்கு நெருப்பைப் பிந்திக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உள்ளே தட்டும். பிந்த வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க இவருக்கு இரண்டு மாதம் எடுத்தது. கண்டதும் என் நகப்பூச்சால் டிஸ்ரிபியூட்டரையும் எஞ்சினையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் ஓடித்தான் என் மகளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோனார். அன்று பிறந்தவள்தான் இந்தக் கலியாணப் பொம்பிளை.

பெற்றோல் வந்து எத்தனையோ வருடம். ஆனால் எந்த பாஸ் திருத்தினாலும், மறுநாள் விடிய இவர் டிஸ்ரிபியூட்டரைத் திரும்பக் கோட்டுக்கே கொண்டுவந்து விடுவார். சொல்லிப் பார்த்தேன்.

"நீர் உம்மடை காலைப் பாரும்," என்றார்.

சரி, பார்க்கிறேன் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி பாஸிடம் போனோம். என் கைப்பையில் பேத்தியின் நகப்பூச்சுப் போத்தல் இருந்தது. பழைய கோட்டின் சிவப்போடு பொருந்துமா என்று காலையில் என் வலது கால் பெருவிரலில் பூசிப் பார்த்திருந்தேன். கொஞ்சம் மினுங்கியது. கண் மங்கின மனுசன்தானே என்று நினைத்தேன். பாஸ் எல்லாவற்றையும் திருத்தி முடித்ததும், இவர் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். நான் சொன்னபடி பாஸ் பழைய கோட்டைச் சுரண்டிப் பெற்றோல் துணியால் துடைத்தார். சரியான இடத்தில் நான் புதுக் கோடு இழுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கோடு நேராகத்தான் வந்தது.

சனி காலை இவர் மூடியைத் திறந்து கனநேரம் பார்த்தார்.

"பாஸ் இந்தமுறை என்ரை கோட்டில கை வைக்கேல்லை."

"பயந்திட்டார் போல," என்றேன்.

"குடும்."

மிதித்தேன். தையல் மெசின். இவருடைய கை பெற்றோல் திருகுக்குப் போனது. அதைக் கூட்டினால் ஞாயிறு ஏசி வான்தான். ஏதோ சொல்ல வந்தவர்போல் திறந்திருந்த கதவுப் பக்கம் குனிந்து பார்த்தார். கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மூடியை இறக்கினார். அன்று மத்தியானம் இரண்டு மீன்தலை.

ஞாயிறு பாலத்தில் நல்ல எதிர்க்காற்று. பேத்தியின் முக்காடுதான் பறந்தது. கார் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. கோயில் வாசலில் அவள் இறங்கி, "நன்றி அம்மப்பா" என்று இவர் கன்னத்தில் கொஞ்சிவிட்டு உள்ளே போனாள்.

இவர் முகம் துடைக்கும் லேஞ்சியால் காரின் மூடியைத் துடைத்தபடி என் பக்கம் வந்தார்.

"அந்தக் காலத்து நகப்பூச்சில மினுக்கம் இருக்கேல்லை," என்றார்.

நான் காலைச் சேலைக்குள் இழுத்தேன்.

"ஒளிக்காதையும், நேற்றே கண்டிட்டன். மற்றக் காலுக்கும் பூசியிருக்கலாம்."