சீட்டுப் போடுவதற்கு முன்பே

இன்று சுவிஸின் ஷ்லீரன் நகரில் என் இரண்டாவது போக்கர் சீட்டாட்ட வகுப்பு. சொல்லித்தருபவர் சுகந்தி அக்கா. பத்து வருடம் மேடை நாடகங்களில் அழுகிற மனைவியாகவே நடித்தவர். வேடம் வருவது நின்றதும் கசினோவில் போய் ஆடப் பழகினார். இப்போது சுவிஸ்காரர்களே அவரிடம் வந்து படிக்கிறார்கள்.

"முகத்தை எல்லாரும் மறைப்பினம். நான் கையைத்தான் பார்ப்பன்" என்பார்.

போன கிழமை மோசமான சீட்டு வரும்போதெல்லாம் நான் தாலிக்கொடியைப் பிடித்தேனாம். "மேடையில பயத்தைக் காட்ட நானும் இதைத்தான் செய்தனான்" என்று சிரித்தார்.

இன்று கவனமாகத்தான் போய் உட்கார்ந்தேன். கலைத்துக்கொண்டிருந்த சீட்டை அக்கா திடீரென்று கீழே வைத்தார்.

"நான் இன்னும் சீட்டே போடேல்லை. ஏன் தாலியைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறீர்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லை எண்டு நான் எத்தினை மேடையில சொல்லியிருப்பன்!"

சொல்லிவிட்டேன். மார்பில் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். ஒரு கிழமையாக நித்திரை இல்லை.

"அவருக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

அக்கா என் கையைத் தாலியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய மற்றக் கை தானாகவே தன் கழுத்துக்குப் போனது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் பிடித்தது.

ரயிலில் இருந்து இந்தப் பதிவை எழுதுகிறேன். வீட்டில் வாயால் சொல்லத் தைரியமில்லை. என் கணவர் என் பதிவுகளை வாசிக்காமலே லைக் போடுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். இன்று லைக் விழத் தாமதமானால், வாசிக்கிறார் என்று அர்த்தம்.

அதுவரை கையை எங்கே வைத்திருப்பது, யாராவது சொல்லுங்கள்.