மேல் படியில் ஏழு மில்லி

வேப்பூரில் புதிதாகத் திறந்த கல்யாண மண்டபத்து மாடிப்படியில் ஒரு பொம்பளை உருண்டு விழுந்து இடுப்பு முறிந்துபோனதாம். பக்கத்து வீட்டு சொர்ணாம்பாள் வந்து சொன்னாள். அவளுக்கு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாளாம். சீட்டுக்காரிக்கு யார் சொன்னது என்று கேட்க சொர்ணாம்பாளுக்குத் தோன்றவில்லை.

“படி எண்ணிக்கை சரியில்லையாம் கனகா. லாபம், நஷ்டம்னு எண்ணிக்கிட்டே ஏறுனா நஷ்டத்துல முடியுதாம். பிளான் போட்டவன் எவனோ, அவன் வெளங்குவானா?”

அரிசி களைந்துகொண்டிருந்த கனகாவின் கை நின்றது. பிளானை மொத்தமாகப் போட்டது சென்னைக்காரர்கள். படியை மட்டும் போட்டவள் கனகா. இருபத்தேழு படி. லாபத்தில் முடிகிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

“எந்தப் படியிலக்கா விழுந்தாங்க?”

“விழுறவ எண்ணிக்கிட்டா விழுவா? நல்லா கேட்ட போ!”

சொர்ணாம்பாள் கிளம்பியதும் அரிசியை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கனகாவுக்கு நாற்பத்தொரு வயது. விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமா முடித்து, பதினொரு வருஷம் ஒரு கம்பெனியில் அச்சு வரைந்தவள். ஊறுகாய் ஜாடி, பீங்கான் ஃபியூஸ், பிள்ளையார் பொம்மை, எதற்கும் அங்கே ஒரே விதிதான். வேண்டிய அளவைவிடப் பெரிதாக வரைய வேண்டும். மண் காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அறுபது மில்லிமீட்டர் கனம் வேண்டுமென்றால் அச்சில் அறுபத்தேழு. மனசில் கணக்குப் போடாமலே கை அதைச் செய்யும்.

பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே கட்டடம் வரையும் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். அதில் படியைக் கோடு கோடாக வரைய வேண்டியதில்லை. கால் வைக்கிற பலகை, நிமிர்ந்து நிற்கிற முகப்பு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, எல்லாம் தனித்தனி உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிகிற ஒரு வடிவம் உண்டு. சாஃப்ட்வேர் கொடுக்கிற மொட்டைச் சதுரமே போதும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். கனகா விடமாட்டாள். மூக்கை உருட்டி, அடியில் தண்ணீர் சொட்ட நீளப் பள்ளமாக ஒரு காடி விட்டு, தானே ஒரு வடிவம் வரைந்து ஏற்றுவாள். ஏற்றிய மறுநிமிஷம் அத்தனை படியும் ஒன்றாக மாறும். அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. படி வேலை என்றால் சென்னை ஆபீஸ்காரர்கள் அவளைத்தான் தேடினார்கள்.

வேப்பூர் மண்டபத்துக்குப் படிக்கல்லே பீங்கான்தான். உள்ளே வெற்றுக் கூடாக, அறுபது மில்லி கனத்தில், இந்த ஊர்ச் சூளையில் வெந்தது. கல்லுக்கான அச்சையும் அவள்தான் வரைந்தாள்.

ஃபைல் திறந்தது. படியைத் தொட்டு, பலகையின் வடிவத்தைத் திறந்தாள். கனம் அறுபத்தேழு.

மறுபடி மூடித் திறந்தாள். அறுபத்தேழுதான். அச்சுக்குப் போட வேண்டிய அளவைக் கட்டடத்துக்கும் போட்டிருந்தது அவள் கை. கட்டடம் சூளைக்குப் போவதில்லை.

‘கேஸ் சிலிண்டரை மூணு தரம் மூடிப் பாக்குற கையி, இத ஒரு தரம் திருப்பிப் பாக்கலியே!’

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டாள். கல்லுக்கு இடம் விட்டுக் கான்கிரீட்டை அறுபத்தேழு மில்லி தாழ்த்திப் போட்டிருப்பார்கள். வந்த கல் அறுபது. அப்படியானால் ஒவ்வொரு படியும் ஏழு மில்லி தாழ்ந்திருக்கும். எல்லாம் ஒன்றாகத் தாழ்ந்ததால் நடுவில் ஒன்றும் தெரியாது. ஆனால் கீழ்த் தரையும் மேல் தளமும் இருந்த இடத்திலேயே இருக்கும்; அதனால் முதல் படி குட்டையாகும், கடைசிப் படி உயரமாகும். வரிசையாக ஒரே உயரம் ஏறிப் பழகிய கால், கடைசியிலும் அதே அளவுதான் தூக்கும். இடிக்கும். கொத்தனார் கல்லுக்கு அடியில் கலவையை ஏழு மில்லி கூட்டிப் போட்டிருந்தால் ஒன்றுமில்லை. போட்டாரா?

சைட் இன்ஜினியர் கொளஞ்சிநாதனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மெசேஜ் அனுப்பிவிட்டு, அவர் பார்த்துவிட்டாரா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நல்லூரில் பஸ் நின்று நின்று ஆள் ஏற்றியது. உட்கார இடம் கிடைத்தும் கனகா நின்றுகொண்டே வந்தாள்.

மண்டபத்து வாசலில் வாட்ச்மேன் சாமிதுரை சீரியல் லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அண்ணே, இங்க ஒரு அம்மா வுழுந்தாங்களாமே, இடுப்பு…”

“இடுப்பா? எவன் சொன்னது? கால் பெசகிச்சு, அவ்ளோதான். தைலத்தைத் தேச்சிக்கிட்டு அடுத்த பந்தியில உக்காந்து ரெண்டாந்தரம் பாயசம் வாங்குனாங்க!”

கனகாவுக்குப் பாதி மூச்சு வந்தது.

“எந்தப் படியில?”

“மேல, கடைசிப் படி. அவங்க மட்டுமா? நாலு பேரு தடுக்கிட்டாங்க. கண்ணுபட்டிருக்கும்னு எலுமிச்சம்பழம் கட்டிவுட்டிருக்கேன், பாருங்க.”

டேப்பைப் பிடித்தாள். முதல் படி நூற்று நாற்பத்து மூன்று. அடுத்தது நூற்றைம்பது. அதற்கடுத்தும் நூற்றைம்பது. வரிசையாக அளந்துகொண்டே மேலே போனாள். எலுமிச்சம்பழத்துக்குக் கீழே நூற்று ஐம்பத்தேழு. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

அப்போது ரோட்டிலிருந்து மேளச் சத்தம் கேட்டது.

“இன்னிக்கு என்னண்ணே?”

“பொண்ணழைப்பு. காலையில முகூர்த்தம். முந்நூறு பேராச்சும் ஏறுவாங்க.”

“இந்தப் படி வேணாம்ணே. பின்பக்கப் படியைத் தொறந்துவுடுங்க, அது வெறும் கான்கிரீட்டுதான்.”

“சாவி என்கிட்டதான் இருக்குது. கொளஞ்சிநாதன் சாரு சொல்லாம தொறந்தா என் வேலை போயிடும். ஆமா, நீங்க யாரும்மா?”

“படி… இந்தப் படி வரைஞ்சது நான்தான். தப்பு என்மேலதாண்ணே. மேல் படி ஏழு மில்லி ஒசரம்.”

படியடியில் நின்ற சாமிதுரை அவளையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏழு மில்லியா? ஒரு வெரல்கூட வராதேம்மா. அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“நாலு பேரு தடுக்கிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!”

சாமிதுரை இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை உருவினார். “சாருக்குப் போடுங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே தொறக்கறேன்.”

கனகா போன் போட்டுக் காதில் வைத்தாள். மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. பெண்கள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வரிசைத் தட்டு. பழம், இனிப்பு, தேங்காய், மடித்த பட்டு, எல்லாம் முகவாய்வரை அடுக்கியிருந்தது. ஒருத்திக்கும் தன் கால் தெரியாது.

முன்னால் வந்தவள் முதல் படியில் கால் வைத்தாள்.

கனகா கடைசிப் படியின் குறுக்கே நின்று ஒரு கையை நீட்டினாள். “யம்மா, மெதுவா! மேல் படி ஒசரமா இருக்குது, பாத்து!”

“என்னம்மா சொல்றே? மேளத்துல ஒண்ணும் கேக்கல!”

“மேல் படி!”

காதில் கொளஞ்சிநாதனின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாவது தரம், ஒன்பதாவது தரம். சாமிதுரை சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து அவள் முகத்தையே பார்த்தார். தட்டுகள் பாதிப் படி தாண்டிவிட்டன. இன்னும் மணிதான் அடித்துக்கொண்டிருந்தது.